கணினியில் உள்ளமைந்த அணுகல் வசதிகள்: தமிழ்ப் பயன்பாட்டு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மாற்றுத்திறனாளிகள் கணினியைக் கையாளத் துணைபுரியும் வசதிகள் இன்று பரவலாக வழங்கும் இயங்குதளங்கள் அனைத்திலும் உள்ளமைந்தே வருகின்றன. இவற்றின் அடிப்படை வடிவமைப்பு ஆங்கிலப் பயன்பாட்டை முன்னிறுத்தி உருவானது. தமிழில் படிக்கவும் எழுதவும் முற்படும் ஒருவருக்கு இவ்வசதிகள் எந்த அளவிற்குத் துணைநிற்கின்றன, எவ்விடத்தில் தடைப்படுகின்றன, அத்தடை இயங்குதளத்தால் விளைவதா, தமிழ் ஆவணங்களை உருவாக்கும் முறையால் விளைவதா என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. விசைப்பலகை வசதிகள், திரைவாசிப்பான், தமிழ்க் குரல், எழுத்துக் குறியாக்கம் ஆகியன இங்கு முதன்மையாகக் கருதப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அணுகல்தன்மை, திரைவாசிப்பான், ஒருங்குறி, தமிழ்99, பேச்சொலியாக்கி, மாற்றுத்திறனாளிகள்.

முன்னுரை

கணினியின் வழக்கமான அமைப்பு தன் பயனரைப் பற்றிச் சில முன்முடிவுகளைக் கொண்டுள்ளது. அவர் திரையைக் காண்பார். இரு கைகளாலும் விசைகளை அழுத்துவார். சுட்டியை நடுக்கமின்றி நகர்த்துவார். எச்சரிக்கை ஒலியைக் கேட்பார். இவற்றுள் ஒன்று பொய்த்தாலும் அக்கணினி அவருக்கு எட்டாத பொருளாகிவிடுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேரும் மாற்றுத்திறனாளிகள் ஆவர். அக்கணக்கெடுப்பு எட்டு வகைப்பாடுகளையே கொண்டிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை ஏற்றுள்ளது.

இவர்களுக்கான துணைக்கருவிகள் இரு வகையின. தனியே விலைகொடுத்து வாங்கியோ பதிவிறக்கியோ நிறுவப்படுவன ஒருவகை. இயங்குதளத்தின் பகுதியாகவே அமைந்து, கணினியை வாங்கிய அன்றே அதனுள் இருப்பன மற்றொரு வகை. இரண்டாம் வகையே இக்கட்டுரையின் பொருள். தனிக் கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அது நிறுவப்பட்ட கணினியில் மட்டுமே இயங்கும். நூலகத்திலும், கல்லூரி ஆய்வகத்திலும், தேர்வுக் கூடத்திலும், நண்பர் வீட்டிலும் உள்ள கணினியில் அதனை எதிர்பார்க்க இயலாது. உள்ளமைந்த வசதியின் தனிச்சிறப்பு அது எங்கும் இருக்கும் என்னும் உறுதியில்தான் அடங்கியுள்ளது. தமிழைப் பொறுத்தவரை இவ்வுறுதி எவ்வளவு நிலைக்கிறது என்பதே ஆராயத்தக்க வினா.

உள்ளமைந்த வசதிகளின் தோற்றம்

இவ்வசதிகளின் தொடக்கம் பெரும்பாலும் விசைப்பலகையைச் சார்ந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் 1971இல் தொடங்கிய டிரேஸ் மையம் இதில் முன்னோடியாகும். ஒரு கையால் அல்லது வாயில் பற்றிய ஒரு கோலால் தட்டச்சுச் செய்வோர் இரு விசைகளை ஒருசேர அழுத்த இயலாமை முதலிய இடர்களுக்கு அம்மையம் மென்பொருள் வழியாகத் தீர்வு கண்டது. 1980களின் பிற்பகுதியில் மெக்கின்டாஷ் கணினியில் இத்தகைய வசதிகள் இடம்பெற்றன. விண்டோஸில் முதலில் தனித் தொகுப்பாக வழங்கப்பட்ட இவை, 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 பதிப்பில் இயங்குதளத்தின் உறுப்பாகவே சேர்க்கப்பட்டன. ஒலிக்கு மாற்றாகத் திரையில் ஒளிர்வு காட்டும் வசதியும் அப்பதிப்பிலேயே அமைந்தது. விண்டோஸ் 98 திரை உருப்பெருக்கியைச் சேர்த்தது. விண்டோஸ் 2000 பதிப்பில் 'நேரேட்டர்' என்னும் எளிய திரைவாசிப்பானும் திரை விசைப்பலகையும் வந்தன.

திரைவாசிப்பானின் வரலாற்றில் 2005ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பில் ஆப்பிள் நிறுவனம் 'வாய்ஸ்ஓவர்' என்னும் திரைவாசிப்பானைக் கூடுதல் விலையின்றி உள்ளமைத்தது. அதுவரை பார்வையற்றோர் பெரும்பாலும் 'ஜாஸ்' முதலிய வணிகத் திரைவாசிப்பான்களையே சார்ந்திருந்தனர். அவற்றின் விலை இந்திய மாணவர் ஒருவரால் எளிதில் தாங்கக்கூடியதன்று. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ என்னும் கட்டற்ற திரைவாசிப்பான் விலைத் தடையை அகற்றியது. எனினும் அது தனியே நிறுவப்பட வேண்டியதே. லினக்ஸ் கணினிகளில் க்னோம் பணிச்சூழலுடன் ஓர்கா என்னும் திரைவாசிப்பான் அதே காலத்தில் சேர்ந்தது. நேரேட்டர் நெடுங்காலம் பெயரளவிலான வசதியாகவே இருந்தது. வேறொரு திரைவாசிப்பானை நிறுவி முடிக்கும் வரையில் மட்டும் அது பயன்பட்டது எனக் கூறுவது மிகையாகாது. விண்டோஸ் 10 பதிப்புகளிலேயே அது முழுமையான கருவியாக வளர்ந்தது. இன்று புதிய கணினியை முதன்முதலாக இயக்கி அமைக்கும் நிலையிலேயே விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி அதனைப் பேசவைக்கலாம். மேக் கணினியில் கமாண்ட் விசையுடன் எஃப்5 விசை இதனைச் செய்யும். பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றித் தம் கணினியைத் தாமே முதலில் திறப்பது இதனால் இயல்வதாயிற்று.

விசைப்பலகை வசதிகளும் தமிழ் விசையமைப்பும்

ஷிஃப்ட் விசையை ஐந்துமுறை தொடர்ந்து அழுத்தினால் விண்டோஸ் கணினியில் ஒரு வினா தோன்றும். பலர் அதனைத் தற்செயலாகக் கண்டு எரிச்சலுடன் மூடிவிடுவர். அதுவே ஒட்டு விசைகள் எனப்படும் வசதியின் வாயில். இவ்வசதி இயங்கும்போது ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றை அழுத்திப் பிடிக்க வேண்டுவதில்லை. ஒருமுறை அழுத்தி விடுத்துப் பின் அடுத்த விசையை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து அழுத்தப்பட்டதாகக் கணினி கொள்ளும். ஒரு கையால் தட்டச்சுச் செய்வோருக்கு இது இன்றியமையாதது.

இவ்விடத்தில் தமிழ் விசையமைப்பின் தேர்வு முதன்மை பெறுகிறது. பழைய தட்டச்சுப் பொறியின் விசையமைப்பில் பல எழுத்துகள் ஷிஃப்ட் விசையுடன் மட்டுமே கிட்டும். நடுவண் அரசு பரிந்துரைத்த இன்ஸ்கிரிப்ட் அமைப்பிலும் தனி உயிரெழுத்துகளுக்கும், ற, ள, ழ, ண ஆகியவற்றிற்கும் ஷிஃப்ட் வேண்டும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பிலோ உயிர் பன்னிரண்டும், மெய் பதினெட்டும், ஆய்தமும் ஷிஃப்ட் இன்றியே அமைந்துள்ளன. கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே அது தேவைப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளை எண்ணி இவ்வமைப்பு வகுக்கப்படவில்லை. தட்டச்சு விரைவும் கற்றல் எளிமையுமே அதன் நோக்கம். ஆயினும் ஒரு கையால் தமிழ் எழுதுவோருக்கு இதனினும் ஏற்ற விசையமைப்பு வேறில்லை. மேக், விண்டோஸ் ஆகிய இரண்டின் அண்மைப் பதிப்புகளிலும் தமிழ்99 உள்ளமைந்திருப்பதால் தனி மென்பொருளும் வேண்டுவதில்லை.

மற்றொரு வசதியில் நிலைமை தலைகீழாகிறது. கைநடுக்கம் உள்ளோர் ஒரு விசையை அழுத்தும்போது அது இருமுறை பதிந்துவிடுவதுண்டு. வடிகட்டு விசைகள் என்னும் வசதியின் ஒரு பகுதி, குறிப்பிட்ட கால இடைவெளிக்குள் மீண்டும் அழுத்தப்படும் அதே விசையைப் புறக்கணித்துவிடும். அவ்விடைவெளி அரை நொடியோ அதற்கு மேலோ இருக்கலாம். ஆங்கிலத்தில் இது பெரிய இடரைத் தருவதில்லை. தமிழ்99 அமைப்பிலோ ஒரே மெய்யின் விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்துவதே இரட்டித்த மெய்யை எழுதும் முறை. 'பக்கம்' என எழுத ககர விசையை இருமுறை அழுத்தினால் முதற்ககரம் தானே புள்ளி பெறும். வடிகட்டு விசைகள் இயங்கும்போது இரண்டாம் அழுத்தம் விரைந்து வருமாயின் அது தள்ளுபடியாகிப் 'பகம்' என்றே பதியும். தமிழில் வல்லின இரட்டிப்பு எத்துணை மிகுதி என்பதனை இலக்கணம் அறிந்தோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சொற்கள் சேர்த்தெழுதப்படும்போது வல்லினம் மிகும் இடங்களும் இதனுள் அடங்கும். இதற்கு எளிய மாற்று ஒன்றுண்டு. ககரம், புள்ளி, ககரம் என மூன்று வேறு அழுத்தங்களாக எழுதினால் அதே விசை அடுத்தடுத்து வராது, வசதியும் தடைசெய்யாது. தமிழ்99 கற்பிக்கும் கையேடுகள் புள்ளியைத் தனியே இடும் முறையைத் தேவையற்ற உழைப்பாகக் கருதிக் குறிப்பதோடு அமைகின்றன. நடுக்கமுள்ள கைகளுக்கு அதுவே நேர்வழி என்பதனையும் அவை சேர்த்துச் சொல்லலாம்.

சுட்டியை நகர்த்த இயலாதோர்க்கு எண் விசைகளைக் கொண்டே சுட்டுக்குறியை நகர்த்தும் வசதியும் உள்ளது. விண்டோஸில் இட ஆல்ட், இட ஷிஃப்ட், நம் லாக் ஆகிய மூன்றும் சேர்ந்து இதனை இயக்கும். இதில் மொழிசார்ந்த சிக்கல் எதுவுமில்லை.

குறைபார்வை உடையோருக்கும் செவிப்புலன் குன்றியோருக்கும் உரிய வசதிகள்

விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். நிற வேறுபாடு மிகுந்த தோற்றம், நிறக்குருடு உடையோருக்கான நிறவடிகட்டி, சுட்டுக்குறியைப் பெரிதாக்கல் முதலியன பிறவாகும். தமிழ் எழுத்துருக்களில் மெல்லிய கோடுடையன பல. உருப்பெருக்கினாலும் புள்ளி தெளிவாகத் தோன்றாமை குறைபார்வையர் எதிர்கொள்ளும் இடர். இயங்குதளத்துடன் வரும் 'லதா', 'நிர்மலா' போன்ற திரை எழுத்துருக்கள் இவ்வகையில் அச்சு எழுத்துருக்களைவிட ஏற்றவை.

செவிப்புலன் குன்றியோருக்கான நேரடித் தலைப்புரை வசதி, கணினியில் ஒலிக்கும் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் காட்டுவது. விண்டோஸ் 11இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் இது ஆங்கிலத்துடன் தொடங்கியது. குரலால் கணினியை முழுமையாக இயக்கும் வசதியும் அவ்வாறே ஆங்கிலத்துடன் தொடங்கிற்று. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவு இத்துறையில் தமிழுக்கே உரிய கூடுதல் சுமை.

திரைவாசிப்பான் இயங்கும் முறை

திரைவாசிப்பான் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. இதனைத் தெளிவாக உணர்ந்தாலன்றி அதன் தடைகளை விளங்கிக்கொள்ள இயலாது. திரையில் தோன்றும் ஒவ்வோர் உறுப்பைப் பற்றியும் மென்பொருள் இயங்குதளத்திற்கு ஒரு செய்தியை அளிக்கிறது: இதன் பெயர் 'சேமி', இதன் வகை பொத்தான், இதன் நிலை செயலற்றது என்பன போன்றவை. இச்செய்திகள் கிளைகளாக அடுக்கப்பட்ட ஒரு மரவடிவில் நிற்கின்றன. திரைவாசிப்பான் அம்மரத்தில் கிளைக்குக் கிளை தாவி, கிடைத்த எழுத்துகளைப் பேச்சொலியாக்கிக்கு அனுப்புகிறது. பேச்சொலியாக்கி அவற்றை ஒலியாக்குகிறது. விண்டோஸில் இவ்வமைப்பின் முதல் வடிவம் 1997இல் வெளிவந்தது.

எனவே மென்பொருள் தரவேண்டிய பெயரைத் தரவில்லையெனில் திரைவாசிப்பான் 'பொத்தான்' என்று மட்டும் கூறி நின்றுவிடும். எழுத்தைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருளில் அதற்குப் படிக்க எதுவுமே இராது. தமிழ் எழுத்துருச் சிக்கல்களைத் தவிர்க்கும்பொருட்டு அழைப்பிதழ்களையும் சுற்றறிக்கைகளையும் படமாக மாற்றி அனுப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. காண்போர்க்கு அது எளிமை, கேட்போர்க்கு வெறுமை.

மொழியை அறிவித்தலும் இம்முறையின் ஒரு கூறு. ஓர் இணையப் பக்கம் தமிழில் அமைந்தது என்னும் குறிப்பு அதன் நிரலில் இருந்தால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்குத் தானே மாறும். குறிப்பு இல்லையேல் ஆங்கிலக் குரலே தொடரும். ஆங்கிலக் குரல்கள் பலவும் தமிழ் எழுத்துகளைக் கண்டால் பிழையாகப் படிப்பதற்கு மாறாக முற்றிலும் தாவிச் சென்றுவிடுகின்றன. ஒரு பத்தி முழுவதும் இருந்தும் அங்கு எண்களும் நிறுத்தக்குறிகளும் மட்டுமே ஒலிக்கும். அங்கு எழுத்து இருந்ததே கேட்பவருக்குத் தெரியாமற் போகலாம்.

தமிழ்க் குரல்

தமிழ்க் குரல் இன்று இயங்குதளங்களில் உள்ளது. விண்டோஸ் 10 முதல் 'வள்ளுவர்' என்னும் பெயரில் ஓர் ஆண்குரல் வழங்கப்படுகிறது. ஆப்பிள் கருவிகளில் 2022ஆம் ஆண்டுப் பதிப்புகளில் தமிழ் சேர்ந்தது. என்விடிஏ தன்னுடன் கொண்டுவரும் ஈஸ்பீக் என்னும் கட்டற்ற பேச்சொலியாக்கி தமிழையும் பேசும். அதன் ஒலி இயந்திரத் தன்மையது. ஆயினும் அளவில் மிகச் சிறியது, பேச்சின் வேகத்தை மிகுதியாகக் கூட்டினாலும் சொற்கள் சிதையா. பழகிய பார்வையற்றோர் பலர் இயல்பான குரலைவிட இத்தகைய விரைவான குரலையே விரும்புவதன் காரணம் இதுவே. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒருங்கிணைத்த கூட்டுத் திட்டத்தின் வழியாகவும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பேச்சொலியாக்கிகள் உருவாயின.

ஆயினும் 'உள்ளது' என்பதற்கும் 'உள்ளமைந்தது' என்பதற்கும் இடையே ஒரு வேறுபாடு நிற்கிறது. ஆங்கில மொழியில் நிறுவப்பட்ட விண்டோஸ் கணினியில் வள்ளுவர் குரல் முன்னரே இராது. அமைப்புகளில் நேரமும் மொழியும் என்னும் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்துக் குரலைப் பதிவிறக்க வேண்டும். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். நிறுவனக் கணினிகளில் மேலாளரின் ஒப்புதலும் தேவைப்படலாம். வீட்டுக் கணினியில் இது சில மணித்துளிப் பணி. கல்லூரி ஆய்வகத்திலோ பொது நூலகத்திலோ பயனருக்கு இவ்வுரிமை வழங்கப்படுவதில்லை. எனவே ஆங்கிலம் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு எக்கணினியிலும் கிட்டும் வசதி, தமிழ் படிக்கும் மாணவருக்கு ஆய்வகப் பொறுப்பாளரின் முன்னேற்பாட்டைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஒருமுறை செய்தால் போதுமான இவ்வேற்பாடு செய்யப்படாமைக்குச் செலவோ தொழில்நுட்பமோ காரணமாக இல்லை.

தமிழ் ஒலிப்பில் பேச்சொலியாக்கிக்கு இயல்பான இடர்களும் உண்டு. வல்லின எழுத்து ஒன்றே இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும்: 'கடல்', 'தங்கம்', 'அகம்' என்பனவற்றில் ககரம் மூன்று ஒலிகளைப் பெறுகிறது. தமிழ்ச் சொற்களில் இதற்கு விதி உண்டு. பேச்சொலியாக்கி அவ்விதியைக் கற்றுக்கொள்ள இயலும். பிறமொழிப் பெயர்களில் விதி செல்லாது. 'பாபு' என்னும் பெயரின் முதலெழுத்து எவ்வாறு ஒலிக்கும் என்பதனைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. படிப்பவரின் உலகறிவே காட்டுகிறது.

எழுத்தைக் கேட்டறிதல்

கேட்டல் வழியாக மட்டுமே படிக்கும் மாணவர் எழுத்துப்பிழையின்றி எழுதக் கற்பது எவ்வாறு? இவ்வினா திரைவாசிப்பானின் வேறொரு வசதியைச் சார்ந்தது. அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்தால் திரைவாசிப்பான் ஒவ்வோர் எழுத்தையும் தனித்துக் கூறும். ஆங்கிலத்தில் 'பி', 'டி' என்பன ஒத்தொலிப்பதால், 'பிராவோ', 'டெல்டா' எனச் சொல் ஒன்றைச் சேர்த்துக் கூறும் ஏற்பாடும் உண்டு.

தமிழுக்கு இவ்வேற்பாடு ஆங்கிலத்தினும் இன்றியமையாதது. நகரமும் னகரமும் பெரும்பாலோர் நாவில் ஒன்றாகிவிட்டன. ரகரமும் றகரமும் பலரிடத்து அவ்வாறே. 'அரம்', 'அறம்' என்பனவும் 'கரி', 'கறி' என்பனவும் செவிக்கு மயங்கும். பார்வையுடைய மாணவர் அச்செழுத்தை ஆயிரம் முறை கண்டு இவ்வேறுபாட்டைப் பெறுகிறார். கேட்டுப் படிப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. பொருத்தமான தீர்வைத் தமிழ்ப் பள்ளிக்கூட மரபு முன்னரே வகுத்து வைத்துள்ளது: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம், இடையின ரகரம், வல்லின றகரம், சிறப்பு ழகரம், பொது ளகரம். இனமெய்யைச் சுட்டியும் இனத்தின் பெயரைச் சுட்டியும் அமைந்த இப்பெயர்கள் செவிவழிக் கல்விக்கென்றே பிறந்தவை போல்வன. தமிழ்த் திரைவாசிப்பான் ஒன்றின் எழுத்து விளக்கப் பட்டியல் இப்பெயர்களைக் கொண்டு அமையுமாயின், பிறமொழிப் பட்டியலைப் பின்பற்றிப் புதிய சொற்களைத் தேட வேண்டுவதில்லை. இப்பணிக்கு மென்பொருள் வல்லுநரைவிடத் தமிழாசிரியரே உரியவர்.

எழுத்து எது என்னும் வினாவிலும் கணினியின் விடையும் தமிழரின் விடையும் வேறுபடுகின்றன. 'கொ' என்பது தமிழ் மரபில் ஓர் எழுத்து. ஒருங்குறியில் அது ககரமும் ஒகரக் குறியும் ஆகிய இரு குறியீடுகள். அம்புக்குறி விசை அதனை ஒன்றாகக் கடக்கும்; பின்னழிப்பு விசையோ பல மென்பொருள்களில் ஒகரக் குறியை மட்டும் நீக்கிக் ககரத்தை விட்டுவைக்கும். கண்ணால் காண்பவர் இதனை எளிதில் உணர்வர். கேட்பவர் தாம் அழித்தது எழுத்தையா குறியையா என்பதனை மீண்டும் ஒருமுறை நகர்ந்து கேட்டே அறிய வேண்டும்.

செவிக்கு மாற்று விரல். தொடு புள்ளிகள் எழுந்து தாழும் பிரெயில் காட்சிப்பலகையைக் கணினியுடன் இணைத்தால் திரைவாசிப்பான் எழுத்தைப் பேசுவதோடு பிரெயிலாகவும் தரும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறையில் ந, ண, ன ஆகிய மூன்றும் வெவ்வேறு புள்ளிகள், மயக்கத்திற்கு இடமில்லை. லிப்லூயி என்னும் கட்டற்ற பிரெயில் மாற்றித் தொகுப்பில் தமிழுக்குரிய அட்டவணையும் உண்டு. காட்சிப்பலகையின் விலையே இங்குத் தடை.

குறியாக்கம்: கண்ணுக்குத் தெரியாத பிழை

இதுகாறும் கூறப்பட்ட வசதிகள் அனைத்தும் ஒன்றை முற்கோளாகக் கொண்டவை: கணினியுள் இருப்பது தமிழ் எழுத்தாக இருத்தல் வேண்டும். ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியான 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு அதில் இடம் அமைந்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. எனினும் பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் பழைய எழுத்துருக் குறியாக்கங்கள் இன்னும் வழக்கில் உள்ளன. அவற்றுள் பாமினி நன்கு அறியப்பட்டது. பாமினியில் 'தமிழ்' என்று எழுதும்போது கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அவற்றின்மீது தமிழ் வடிவங்களைப் போர்த்துகிறது. பார்ப்பவருக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டம். எத்துணைச் சிறந்த தமிழ்க் குரல் இருந்தும் இங்குப் பயனில்லை.

ஒருங்குறியில் அமைந்த உரையும் குற்றமற்றது என்பதற்கில்லை. பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றப்பட்ட உரைகள் பலவற்றில் ரகர மெய் துணைக்காலும் புள்ளியுமாகப் பதிவாகியுள்ளது. இரண்டும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தோன்றும். 'அவர்', 'ஆசிரியர்', 'மாணவர்' என ரகர மெய்யில் முடியும் சொற்கள் தமிழில் எண்ணற்றவை. அவை அனைத்தும் அவ்வுரையில் சிதைந்து ஒலிக்கும். தேடினாலும் கிட்டா. ஔகாரம் மற்றோர் எடுத்துக்காட்டு. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சுச் செய்தாலும் அச்சில் வேறுபாடு தெரியாது. திரைவாசிப்பான் மட்டும் 'ஔவை' என்னும் பெயரை 'ஒளவை' என ளகரம் ஒலிக்கப் படிக்கும். கண்ணை ஏமாற்றும் இப்பிழைகளைச் செவி உடனே காட்டிவிடுகிறது. மெய்ப்புத் திருத்துவோர் தம் கணினியிலேயே உள்ள திரைவாசிப்பானை இயக்கி ஒருமுறை உரையைக் கேட்பாராயின், அச்சுப் படியில் எவராலும் காண இயலாத பிழைகளைக் கண்டறியலாம்.

பிடிஎஃப் கோப்பு தனியே குறிப்பிடத்தக்கது. ஒருங்குறியில் தட்டச்சு செய்யப்பட்ட உரையும் பிடிஎஃப் ஆகும்போது வடிவங்களின் வரிசையில் பதிவாகிவிடலாம். 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு இடப்புறம் தோன்றுவதால் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக அமைந்து, படிக்கும்போது உயிர்க்குறி முந்தைய எழுத்துடன் சேர்ந்து ஒலிக்கும். மூல வேர்டு கோப்பிலோ இணையப் பக்கத்திலோ இச்சிக்கல் எழுவதில்லை. ஆய்வு வெளியீடுகள் பிடிஎஃப் வடிவில் மட்டுமே அமைவது தமிழாய்வில் பெருவழக்கு. அதே உரையை இணையப் பக்கமாகவும் வெளியிடும் இதழ்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, பார்வையற்ற ஆய்வாளருக்குப் பெருந்துணை செய்கின்றன.

சட்டமும் தேர்வுக் கூடமும்

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தை அணுகத்தக்கதாக்குவதை அரசின் கடமையாக்குகிறது. 2017ஆம் ஆண்டு விதிகளுள் 15ஆம் விதி, இணையத்தளங்களில் இடப்படும் ஆவணங்கள் இபப் வடிவிலோ எழுத்துணரி வழிப்பட்ட பிடிஎஃப் வடிவிலோ அமைய வேண்டும் எனக் கூறியது. தமிழைப் பொறுத்தவரை இரண்டாவது ஏற்பாடு நிறைவளிப்பதன்று. எழுத்துணரி அச்சுப் படத்திலிருந்து எழுத்தை ஊகிப்பது. மூலக் கோப்பு ஒருங்குறியில் கையிலிருக்கும்போது அதனை அச்சிட்டு, ஒளிவருடி, மீண்டும் ஊகிப்பது வீண் சுற்று. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 15ஆம் விதி பரிந்துரை அளவில் நின்றுவிடுவதால் அது சட்டத்திற்கு முரணானது எனக் கூறி, கட்டாயமாகப் பின்பற்றத்தக்க தரங்களை வகுக்குமாறு நடுவண் அரசைப் பணித்தது.

இவ்வசதிகளின் பயன் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் தேர்வுக் கூடமே. பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்லப் பிறரொருவர் எழுதும் முறையே இங்குப் பெருவழக்கு. தமிழிலக்கியத் தேர்வில் இம்முறைக்கு ஒரு தனிக் குறை உண்டு. மாணவர் சொல்வது ஒலி. தாளில் நிற்பது எழுதுபவரின் எழுத்து. ழகர ளகர வேறுபாட்டையும் வல்லினம் மிகுதலையும் அறிந்த மாணவரின் புலமை, அவற்றை அறியாத எழுத்தரின் கையில் பிழையாகிவிடுகிறது. மதிப்பெண் குறைவது மாணவருக்கு.

2018 ஆகஸ்டில் நடுவண் அரசு வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டு நெறிகள், பிரெயில், பெரிய எழுத்து ஆகியவற்றோடு கணினியில் தேர்வெழுதவும் வாய்ப்பளித்தன. மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரமும் அளித்தன. கணினியைத் தேர்வுக்கு ஒரு நாள் முன்னரே தேர்வர் சோதித்துப் பார்க்க இசைவளித்து, குறை இருப்பின் களைய வேண்டும் என்றும் அவை கூறின. தமிழில் தேர்வெழுதும் மாணவர் ஒருவர் அந்நாளில் சோதிக்க வேண்டியவை ஆங்கிலத்தில் எழுதுபவருடையனவற்றைவிடச் சற்று மிகுதி. தமிழ்க் குரல் பதிவிறக்கப்பட்டுள்ளதா, இணையத் தொடர்பைத் துண்டித்த பின்னும் அது பேசுகிறதா என்பது முதலாவது. தமிழ்99 விசைப்பலகை சேர்க்கப்பட்டுள்ளதா, ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறும்போது திரைவாசிப்பான் அம்மாற்றத்தை அறிவிக்கிறதா என்பது அடுத்தது. ஒரு மாதிரி வினாத்தாளைத் திறந்து முதல் வரியைக் கேட்டாலே அது ஒருங்குறியில் அமைந்ததா, பாமினியில் அமைந்ததா என்பது அரை நொடியில் தெரிந்துவிடும். பாமினியாயின், வினாத்தாளை மீண்டும் தட்டச்சுச் செய்தோ மாற்றியால் மாற்றிச் சரிபார்த்தோ தருவதற்குத் துறைக்கு அந்த ஒரு நாள் இருக்கிறது.